கிணற்றில் இறக்கிய ஆமை

வாளி பாதிக் கிணறு இறங்கியபோது ஆமை தலையை வெளியே நீட்டி என்னை ஒரு பார்வை பார்த்தது. "பயப்பிடாதை, இனி இதுதான் உன்ர வீடு," என்று நான் அதற்குத் தைரியம் சொன்னேன்.

கப்பிக் கயிறு ராமையா அண்ணையின் கையில் இருந்தது. நான் அரைகுறையாக எழும்பியிருந்த கிணற்றுக் கட்டில் வயிற்றை அழுத்தி எட்டிப் பார்த்தபடி, மெல்ல விடுங்கோ, இன்னும் மெல்ல விடுங்கோ என்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தேன். ஆமையின் முதுகில் திருநீறு பூசி ஒரு சந்தனப் பொட்டும் வைத்திருந்தேன். நல்ல காரியம் எதையும் சும்மா தொடங்கக்கூடாது என்பது என் கொள்கை.

வாளி தண்ணீரில் சரிந்தது. ஆமை மிதந்தது. நாலு காலையும் ஒரே நேரத்தில் அடித்தது. ராமையா அண்ணைக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க தங்கச்சி, என்னா போடு போடுது," என்றார். நானும் கை தட்டினேன். பிறகு அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்குப் பிறகு பொட்டு வைத்த முதுகு கீழே போய் வயிறு மேலே வந்தது. அதையும் நாங்கள் ஒரு வகை நீச்சல் என்றுதான் நினைத்தோம்.

அந்த நேரம் பார்த்து இவர் மண்வெட்டியும் தோளுமாக வயலிலிருந்து வந்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார், சாரத்தை மடித்துக் கட்டினார், உள்சுவரில் வெட்டியிருந்த குழிகளில் கால் வைத்து இறங்கினார். கொஞ்ச நேரத்தில் ஈரச் சாரமும் கக்கத்தில் ஆமையுமாக மேலே வந்து, அதை என் கையில் தந்து, "இது தண்ணி ஆமை இல்லை. தரை ஆமை," என்றார்.

கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து இவர் என்னோடு ஒரே மூச்சில் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான்.

ஆமை இல்லாமல் ஒரு கிணறா

போன கிழமை இதே பக்கத்தில் எங்கள் கலியாண வீட்டுப் பந்தியைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு என் தங்கை சண்டைக்கு வந்தாள். ஊரில் உள்ள எல்லோரையும் எழுதுகிறாய், அத்தானைப் பற்றி ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லையோ என்று கேட்டாள். எழுதலாம். ஆனால் அவரிடம் நேர் வழியில் போக முடியாது, இந்த ஆமையைச் சுற்றித்தான் போக வேண்டும். தங்கை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு நான் ஏன் ஆமையைக் கிணற்றில் இறக்கினேன் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் புதுக் கிணறு வெட்டினால் மீன் குஞ்சு விடுவார்கள், ஒரு ஆமையும் விடுவார்கள். புழுவையும் பாசியையும் அவை பார்த்துக்கொள்ளும், தண்ணீர் துப்புரவாக இருக்கும். எங்கள் வீட்டுக் கிணற்று ஆமை நான் பிறக்க முன்னமே அங்கே இருந்தது. காலையில் முதல் வாளி போடும்போது அது கல்லிடுக்கிலிருந்து எட்டிப் பார்க்காவிட்டால் அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடாது. ஆமை ஏன் வரவில்லை என்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு விசாரணை வைப்பா.

அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள், எழுபதுகளின் கடைசியில் ஒரு வைகாசி மாதம், வன்னியில் கனகராயன்குளத்துக்கு உள்ளே காட்டோரக் காணி ஒன்றுக்குப் புதுப் பெண்ணாக வந்து இறங்குகிறாள். புதுக் கிணற்றை எட்டிப் பார்க்கிறாள். ஆமை எங்கே என்று கேட்கிறாள். இதில் என்ன பிழை? இவர் தலையைச் சொறிந்தார். அதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

ராமையா அண்ணையிடம் சொன்னேன். பக்கத்துக் காணி அவருடையது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழரை அடித்து விரட்டிய எழுபத்தேழுக் கலவரத்தோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடிசை போட்டிருந்தார். முதலில் என்னை அம்மா அம்மா என்றுதான் கூப்பிட்டார். அவருடைய வயதென்ன, என்னுடைய வயதென்ன? இன்னொரு முறை அப்படிக் கூப்பிட்டால் நானும் உங்களை ஐயா என்று கூப்பிடுவேன் என்று மிரட்டிய பிறகுதான் தங்கச்சிக்கு இறங்கி வந்தார்.

பாவம், அந்த மனிதர் மலையிலிருந்து வழிந்து கொட்டும் பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர். வன்னிக்கு வரும்வரை ஒரு கிணற்றைக் குனிந்து பார்த்ததில்லை. காட்டில் விறகு வெட்டப் போன இடத்தில் மேடு தட்டிய முதுகில் மஞ்சள் கோடுகளால் நட்சத்திரம் நட்சத்திரமாக வரைந்த ஒரு ஆமையைக் கண்டதும், தங்கச்சி கேட்ட சாமான் இதுதான் என்று சாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எனக்குக் கிணறு தெரியும், ஆமை தெரியாது. அவருக்கு இரண்டுமே தெரியாது. இரண்டும் தெரிந்த மனிசன் அந்த நேரம் வயலில் நின்றார்.

கதைக்க ஆளில்லாத வீடு

எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள். அம்மா, சின்னம்மா, மாமி எல்லோரும் ஒரே வளவு. ஒருவர் சொல்லி முடித்த பிறகு மற்றவர் பேசுவது என்ற வழக்கம் எங்களுக்குத் தெரியாது. எல்லோரும் ஒன்றாகப் பேசுவோம், எல்லோருக்கும் எல்லாம் விளங்கும். எங்களைப் பெற்ற ஐயா மட்டும் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அதிலிருந்து தூக்கி என்னை இந்தக் காணியில் வைத்தார்கள். பகல் முழுக்க மயில் கத்தும், குரங்கு கத்தும். மனிசக் குரல் வேண்டுமென்றால் ராமையா அண்ணை தன் மாட்டை ஏசும் சத்தம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். பின்னேரம் இவர் வருவார். நான் காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அவிழ்ப்பேன். இவர் கேட்பார். ஓம் என்பார். ம் என்பார். மிக முக்கியமான இடத்தில், அப்படியோ என்பார். பிறகு படுக்கப் போய்விடுவார்.

இவர் பொல்லாதவர் இல்லை. ஏசமாட்டார், குடிக்கமாட்டார், எதை வைத்தாலும் சாப்பிடுவார். ஆனால் உப்புக் கூடிப்போச்சு என்றாவது ஒரு நாள் சொல்லக்கூடாதா? ஒரு நாள் வேண்டுமென்றே கத்தரிக்காய்க் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார், கையைக் கழுவினார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

என் வாய் இவருக்குப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். சத்தமில்லாத பெண்ணாகப் பார்த்துக் கட்டியிருக்க வேண்டிய மனிசன், ஏமாந்துபோய் என்னைக் கட்டிவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த பிறகு இவர் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக வாயைக் குறைத்துக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மிச்சக் கதை எங்கே போகும்? ஆமையிடம் போனது. அதற்குக் காது இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் நான் கதைக்கும்போது அது எழும்பிப் போவதில்லை. போனாலும் கன தூரம் போவதற்குள் நான் சொல்லி முடித்துவிடுவேன். அதற்குக் கோச்சி என்று பேர் வைத்தேன். எங்கள் பக்கத்தில் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வோம். இரண்டும் ஒரு நாளும் நேரத்துக்கு வந்து சேர்ந்ததில்லை.

கோச்சிக்குத் தேத்தண்ணி

ஆமை வளர்க்கத் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆமையை வளர்த்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள்.

முதல் நாள் சோறும் பருப்பும் பிசைந்து சிரட்டையில் வைத்தேன். கோச்சி சிரட்டையின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனது. பால் வைத்தேன், அதிலும் நடந்தது. களைத்துப் போயிருக்கும், சூடாத் தேத்தண்ணி குடுத்துப் பாருங்க தங்கச்சி என்றார் ராமையா அண்ணை. அவரிடம் எல்லா வருத்தத்துக்கும் அந்த ஒரு மருந்துதான். கோச்சிக்கு முன்னால் தேத்தண்ணியை ஆற்றி வைத்துவிட்டு இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம். அது கழுத்தை நீட்டி மணந்து பார்த்தது, பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அன்று முழுக்க வெளியே விடவில்லை. ராமையா அண்ணைக்கு மனம் நொந்துவிட்டது. சீனி காணாது போல என்று சொல்லிவிட்டு மிச்சத்தை அவரே குடித்தார்.

அது என்ன தின்னும் என்பதை அடுத்த கிழமை கண்டுபிடித்தேன். நான் பொத்திப் பொத்தி முளைக்க வைத்த கத்தரி நாற்றுப் பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது. நடுவில் கோச்சி இருந்தது. அதன் வாயோரத்தில் ஒரு இலை. அதோடு எனக்குப் பாடம் விளங்கியது. பூசணிப் பூ, கீரைத் தண்டு, வத்தகைப் பழத் தோல் என்று போட்டேன். தர்ப்பூசணியைத்தான் எங்கள் பக்கத்தில் வத்தகைப் பழம் என்போம், அது என்றால் கோச்சிக்கு உயிர். சிவப்புச் சாறு வழிய வழிய முகத்தை உள்ளே விட்டுத் தின்னும். சாப்பிட்ட பிறகு வாய் துடைத்துவிடுவேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் எண்ணெய் முழுக்கு. இவருக்கு நல்லெண்ணெய் தேய்த்து உட்கார வைத்த பிறகு உள்ளங்கையில் மிச்சம் இருக்கும். அதை வீணாக்காமல் கோச்சியின் முதுகில் தேய்த்தேன். நட்சத்திரமெல்லாம் மினுங்கியது. அதற்குக் கண்ணூறு பட்டுவிடுமோ என்று எனக்குப் பயமாகப் போய்விட்டது. ஆனால் அது நேரே போய்ப் புழுதிக்குள் புகுந்தது, புழுதி ஒட்டிக்கொண்டது, பிறகு எறும்பு வந்தது. இவர் சத்தமில்லாமல் அதை எடுத்துப்போய் இரண்டு வாளித் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, நிழலில் விட்டார். என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். அதற்குப் பிறகு கோச்சிக்கு எண்ணெய் முழுக்கு இல்லை.

இரவில் நரி வரும் என்று பனையோலையில் இழைத்த கடகக் கூடை ஒன்றைக் கவிழ்த்து மூடிவிடுவேன். அதிலும் ஒரு கூத்து நடந்தது. இவருடைய மாமா ஒரு நாள் பொழுது படும் நேரம் சைக்கிளில் வந்தார். தாயில்லாத இவரை வளர்த்தவரும், காணி தந்தவரும் அவர்தான். ஊரே அவருக்குப் பயம், இவருக்கோ அவரைக் கண்டால் இருந்த வாயும் கட்டிவிடும். மாமா முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, நாங்கள் என்னென்ன பிழை விடுகிறோம் என்று சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் முற்றத்து மூலையில் கவிழ்ந்திருந்த கடகம் மெல்ல அவரை நோக்கி நடந்து வந்தது.

மாமா கதிரையின் மேல் ஏறிவிட்டார். நான் சிரிக்கக்கூடாது என்று வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டேன். உள்ளே இருப்பது ஆமை என்று தெரிந்ததும் அவருக்கு இன்னும் கோபம். வீட்டில் ஆமை வைத்திருந்தால் என்னென்ன கேடு வரும் என்று ஒரு பாட்டம் சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார். ராமையா அண்ணை அடுத்த நாள் வந்து, ஓட்டு ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டுக் கயிற்றில் கட்டிவிடலாமே என்று யோசனை சொன்னார். உங்கட காதிலை போட்டுப் பாத்திட்டு வாங்கோ என்று நான் சொன்னதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

புரட்டாதி மேகம்

இனித்தான் வில்லங்கம்.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் மேட்டுக்காணி. ஆடி மாதம் முழுக்க இவர் அங்கே தனியாகப் புதரும் பற்றையுமாக வெட்டிப் போட்டிருந்தார். அது வெயிலில் காய வேண்டும், காய்ந்த பிறகு நெருப்பு வைக்க வேண்டும், சாம்பல் ஆறிய கையோடு மழை வர வேண்டும், உடனே விதைக்க வேண்டும். இந்த ஒழுங்கு பிசகக்கூடாது. நெருப்பு வைக்க முன்னம் மழை வந்து பற்றை நனைந்துவிட்டால் அந்த வருசம் காணி போனது போனதுதான்.

அங்கே உழுந்தும் கச்சான் கடலையும் போடுவது என்று இவர் எண்ணியிருந்தார். இவர் வாய் திறந்து சொல்லவில்லை. நான்தான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த விளைச்சல் கைக்கு வந்தால் அடுத்த வருசம் எதற்கும் மாமா வீட்டு வாசலில் போய் நிற்கத் தேவையில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் மனிசன் கை வெடிக்க வெடிக்க வெட்டினார்.

புரட்டாதியில் ஒரு நாள் காலை எழும்பிப் பார்க்கிறேன், கடகம் மல்லாந்து கிடக்கிறது. கோச்சியைக் காணவில்லை. நாற்றுப் பாத்தியில் இல்லை, வைக்கோலுக்குள் இல்லை, கிணற்றடியில் இல்லை. ராமையா அண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். தங்கச்சி ஆமையையா தேடுறீங்க, அது விடிய அந்த வெட்டிப் போட்ட பத்தைக்குள்ள போனதைப் பார்த்தேனே, காலாற நடக்குதுன்னு விட்டுட்டேன் என்றார்.

மத்தியானம் மாமாவிடமிருந்து சொல் வந்தது. தெற்கே மேகம் கட்டுகிறது, இன்றைக்குப் பின்னேரமே எல்லோரும் நெருப்பு வைக்க வேண்டும் என்று. மாமாவின் காணி, ராமையா அண்ணையின் காணி, எங்கள் காணி மூன்றும் பக்கம் பக்கம். நெருப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாயாமல் நடுவில் அகலமாகச் செதுக்கி விட்டிருந்தார்கள்.

நான் இவரிடம் ஓடினேன். கோச்சி அதுக்குள்ளை கிடக்குது என்று சொன்னேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பற்றைக்குள் இறங்கிக் கொப்புகளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கத் தொடங்கினார். நானும் இறங்கினேன். முள் கிழித்தது. அவ்வளவு பெரிய பரப்பில், அவ்வளவு கொப்புக்கும் இலைக்கும் கீழே, மண் நிறத்தில் இருக்கும் ஒன்றை எங்கே தேடுவது? நட்சத்திரம் வடிவு என்று நான் கொண்டாடினேனே, காய்ந்த புல்லுக்குள் கிடந்தால் அந்தக் கோடுகளைப் புல்லிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

தகரம்

நெருப்பு வைக்க முன்னம் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் பழைய தகரமும் தடியும் எடுத்துக்கொண்டு காணியைச் சுற்றி நின்று தட்டுவார்கள், கூக்காட்டுவார்கள். உள்ளே பதுங்கியிருக்கும் சீவராசிகள் ஓடித் தப்பட்டும் என்பதற்காக. பிறகுதான் பந்தம் கொளுத்துவார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வழக்கம்.

எனக்கு அதைக் கேட்டதும் உயிர் வந்தது. எண்ணெய்த் தகரம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் எல்லோரையும்விட உரக்கத் தட்டினேன். கோச்சி, கோச்சி என்று தொண்டை கிழியக் கத்தினேன். முயல் ஒன்று பாய்ந்து ஓடியது. கீரி ஓடியது. ஒரு உடும்பு வாலைச் சுழற்றிக்கொண்டு மாமாவின் காலுக்கிடையால் போனது. ஒவ்வொன்று ஓடும்போதும் அடுத்தது கோச்சி என்று பார்த்தேன். இன்னும் பலமாகத் தட்டினேன்.

தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பட்டென்று ஒன்று உறைத்தது. குசினியில் ஒரு மூடி கீழே விழுந்தால் கோச்சி என்ன செய்யும்? தலையை உள்ளே இழுக்கும். நான் உரத்துச் சிரித்தால்? உள்ளே இழுக்கும். மற்றதெல்லாம் சத்தம் கேட்டு ஓடும். இது சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு அந்த இடத்திலேயே இருந்துவிடும். அதைக் காப்பாற்றுகிறேன் என்று நான்தான் அதை அசையவிடாமல் செய்துகொண்டிருந்தேன்.

தகரத்தைப் போட்டுவிட்டு இவருடைய கையைப் பிடித்தேன். தட்ட வேண்டாம் என்று சொல்லுங்கோ, சத்தம் ஓய்ந்தால்தான் அது வெளியில் வரும், எனக்குக் கொஞ்ச நேரம் தாருங்கோ என்று கேட்டேன். அழுதேன். ஒளிப்பானேன், குழந்தைப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதேன்.

ராமையா அண்ணையின் காணியில் அதற்குள் புகை எழும்பிவிட்டது. மாமாவின் காணியும் பிடித்துவிட்டது. காற்று எங்கள் பக்கம் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். மாமா வந்து, வை நெருப்பை என்றார். இவர் பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"ஒரு ஆமைக்காகக் காணியை நனையவிடப் போறியோ?" என்று மாமா கேட்டார்.

"நீங்கள் போங்கோ மாமா. நான் பிறகு வைக்கிறன்," என்றார் இவர்.

மாமா என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். இவர் தனக்கு மறுத்துச் சொல்வார் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். நானும் நினைக்கவில்லை.

வாய் மூடி இருந்த பின்னேரம்

எல்லோரும் போனார்கள். வீட்டிலிருந்து வத்தகைப் பழம் ஒன்றை எடுத்து வந்து பிளந்து, சிவப்புப் பக்கம் மேலே தெரிய, பற்றை ஓரத்தில் வைத்தேன். வெட்டிய பாலை மரக் குற்றி ஒன்று கிடந்தது. அதில் இரண்டு பேரும் இருந்தோம், நான் பழத்தின் பக்கம் பார்த்து, இவர் அதற்கு முதுகு காட்டிப் புகையின் பக்கம் பார்த்து. சத்தம் கூடாது. அசையக்கூடாது. அதுதான் சட்டம், நான்தான் போட்டேன்.

என்னைப் போன்ற ஒருத்தி அப்படி இருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்துக் காணியில் கொப்புகள் படபடவென்று வெடிக்கின்றன. தெற்கே வானம் கறுக்கிறது. என் கோச்சி உள்ளே கிடக்கிறது. நூறு விஷயம் தொண்டைவரை வந்து நிற்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கொஞ்ச நேரம் போனது. பக்கத்தில் யாரோ மெல்லக் கனைத்தார்கள்.

"மாமா வீட்டிலை வாய் திறந்தால் ஒரு வேலை சொல்லுவினம்," என்றார் இவர். "அதாலை சின்னனிலை இருந்தே நான் வாய் திறக்கிறேல்லை. பிறகு அதுவே பழகிப் போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷ் என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. பந்தத்தின் நுனியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். குரல் மட்டும் இன்னும் தணிந்தது.

தாய் செத்த பிறகு மாமா வீட்டுக்கு வந்ததைச் சொன்னார். வயல் காவலுக்குப் போய்க் கொட்டிலில் கிழமைக் கணக்காகத் தனியே கிடந்ததைச் சொன்னார். யானை வரும் என்ற பயத்தைவிட ஒரு குரலும் கேட்காமல் கிடப்பதுதான் பெரிய பயம் என்று சொன்னார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். நான் வாயை மூடினால்தான் அந்த மனிசனுக்கு நுழைய இடம் கிடைக்கும் என்பது அவ்வளவு நாளும் என் மண்டையில் ஏறவில்லை.

"உம்மைப் பாக்க வந்த அண்டைக்கு நீர் உள்ளுக்கை நிண்டு ஆரையோ ஏசிக்கொண்டு நிண்டனீர். ஏச்சு வாங்கினது ஆடு எண்டு பிறகுதான் தெரியும். இந்தச் சத்தம் எங்கட வீட்டிலை கேக்க வேணும் எண்டு நினைச்சுத்தான் ஓம் எண்டனான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவர் நிறுத்தவில்லை. நான் முன்போலத் தன்னோடு கதைப்பதில்லை, ஆமையோடுதான் கதைக்கிறேன், தன்னில் ஏதோ வெறுப்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"நீர் அதோடை கதைக்கிறதைக் கேக்கத்தான் நான் வயலாலை வெள்ளண வாறனான். குசினிக்குப் பின்னாலை நிண்டு கேட்டிட்டுத்தான் உள்ளுக்கை வாறனான்."

அந்த இடத்தில்தான் இவருடைய காலுக்குப் பின்னால் ஒரு காய்ந்த கொப்பு அசைந்தது. முதலில் மூக்கு வந்தது. பிறகு கழுத்து. பிறகு நட்சத்திரம். கோச்சி அவசரமே இல்லாமல் வெளியே வந்து, வத்தகைப் பழத்துக்குப் போய், முகத்தை உள்ளே விட்டது.

நான் ஒரு சொல் சொன்னால் போதும். இவர் துள்ளி எழும்புவார், பந்தத்தைக் கொளுத்துவார், மேட்டுக்காணி எரியும், உழுந்தும் கச்சானும் வரும், மாமாவின் வாய் அடைபடும். மழைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இவர் எழும்பினால் கதையும் எழும்பிப் போய்விடும். நாளைக்குத் திரும்பவும் ஓம், ம், அப்படியோ. அது வேண்டாம் என்று இருந்தது. அந்த நேரம் எனக்கு உழுந்து வேண்டாம், காணி வேண்டாம், இந்தக் குரல் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.

இவர் கதைத்துக்கொண்டே போனார். கோச்சி தின்றுகொண்டே இருந்தது. பிறகு என் கையில் ஒரு துளி விழுந்தது. அடுத்தது பந்தத்தில் விழுந்தது. இவர் வானத்தைப் பார்த்தார், திடுக்கிட்டு எழும்பித் திரும்பினார், பாதிப் பழத்தைத் தின்று முடித்த ஆமையைக் கண்டார்.

"இது எப்ப வந்தது?"

"வந்து கன நேரமாச்சு," என்றேன்.

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தியள்."

மழை கொட்டத் தொடங்கியது. சிறு தூறல் இல்லை, சரியான மழை. ஆடி மாதம் முழுக்க வெட்டிப் போட்ட பற்றை எங்கள் கண் முன்னால் கறுத்து நனைந்தது. அது பிறகு காயவே இல்லை. அந்த வருசம் உழுந்து வாங்க மாமா வீட்டுக்குத்தான் போனோம், அவருடைய பேச்சையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

இவர் நனைந்த காணியை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். கொளுத்தாமலே நனைந்து போன பந்தத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்றைக்குத்தான் இந்த மனிசன் என்னை ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசட்டும், அதுவும் கதைதானே என்று நினைத்தேன்.

இவர் பந்தத்தைப் பற்றைக்குள் எறிந்தார். கோச்சியைத் தூக்கி என் மடியில் வைத்தார். மழைக்குள் அதே குற்றியில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"கதையை எங்கை விட்டனான்?" என்று கேட்டார்.